ரம்மின் ருசியைத் தீர்மானித்தது யார்?

டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் ஒரு புட்டி இருக்கும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. முன்பெல்லாம் ஸ்காட்ச்தான். எங்கள் நண்பர் வட்டத்தில் இப்போது அது ரம்மாகிவிட்டது. லண்டன்காரர் ஜமைக்கா புட்டியோடு வருகிறார். பாரிஸில் இருப்பவர் பிரான்ஸின் கரீபியத் தீவான மார்த்தினிக்கின் புட்டியோடு. டொராண்டோவில் கயானாக்காரர்கள் நிறைய என்பதால் அங்கிருந்து வருகிறவர் டெமராரா ரம் கொண்டுவருகிறார். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒவ்வொரு மிடறாகச் சுவைத்தால் முதலில் வருவது குழப்பம்தான். ஒன்றில் கறுத்துப்போன வாழைப்பழம். இன்னொன்றில் பச்சைக் கரும்பு. மூன்றாவதில் அதிமதுரமும் சோம்பும். நான்காவது கிட்டத்தட்ட வோட்கா. எல்லாம் கரும்பிலிருந்து வந்தவைதானே, எப்படி இப்படி?

புட்டியின் பின்பக்கம் படித்தால் மண், கடற்காற்று, ஓக் மரப் பீப்பாய், தலைமுறை ரகசியம் என்று பதில் வரும். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ரம்மைப் பொறுத்தவரை மண்ணைவிட வரிச் சட்டம்தான் அதிகம் பேசுகிறது என்பது என் கட்சி. ரம் செய்தவர்கள் பெரும்பாலும் அதைத் தங்களுக்காகச் செய்யவில்லை. கடல் தாண்டி யாரோ வாங்கினார்கள். அந்த யாரோ என்ன கேட்டார்கள், எந்த அரசு எதற்கு வரி போட்டது, எதைத் தடுத்தது என்று பார்த்தால் ஒவ்வொரு நாட்டு ரம்மும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

அதற்கு முன் செய்முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூலப்பொருள் இரண்டில் ஒன்று: கரும்பைப் பிழிந்த சாறு, அல்லது சர்க்கரை எடுத்த பிறகு ஆலையில் மிஞ்சும் மொலாசஸ். உலகின் பெரும்பாலான ரம் மொலாசஸில் செய்வது. அதை நீர் விட்டுக் கரைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால் நம்மூர்க்காரர்கள் ஊறல் என்று சொல்வது தயார். இந்த ஊறல் ஒரே நாளில் முடியலாம், வாரக்கணக்கிலும் கிடக்கலாம். அப்புறம் அதைக் காய்ச்சி வடிக்க வேண்டும். பானை போன்ற பழைய செம்புக் கலனில் வடித்தால் மணமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கனமாக வரும். 1830 வாக்கில் ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய உயரமான தூண் கலனில் வடித்தால் மெல்லியதாக, சுத்தமாக வரும். நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. பீப்பாயில் கிடந்த ரம்மைக் கரியில் வடிகட்டி வெள்ளையாக்கலாம். கிடக்காத ரம்மில் கேரமல் ஊற்றிக் கறுப்பாக்கலாம். 'டார்க் ரம்', 'ஒயிட் ரம்' என்ற பிரிவு கடை அலமாரிக்குத்தான் உதவும்.

இனி ஜமைக்கா. ருசியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கதையும் இதற்குத்தான் பெரிது.

ட்ரெலானி வட்டாரத்து ஹாம்ப்டன் ஆலையின் ரம்மை முதன்முதலில் முகர்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பழுத்த அன்னாசி, கறுத்த வாழைப்பழம், நெயில் பாலிஷ், உப்பில் ஊறிய ஏதோ ஒன்று, எல்லாம் சேர்ந்து மூக்கில் அடிக்கும். இதற்குக் காரணம் எஸ்டர்கள் எனும் வேதிப்பொருள்கள். ஊறலில் உள்ள அமிலங்கள் ஆல்கஹாலோடு சேரும்போது இவை பிறக்கின்றன. அன்னாசி வாசம் ஒரு எஸ்டர், வாழைப்பழ வாசம் இன்னொரு எஸ்டர். அமிலம் கூடினால் எஸ்டர் கூடும். அமிலத்தைக் கூட்டத்தான் ஜமைக்காக்காரர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். ஒருமுறை ரம் வடித்த பிறகு கலனின் அடியில் தங்கும் கழிவுநீருக்கு அங்கே டண்டர் என்று பெயர். அதைக் கொட்டாமல் வைத்திருந்து புளிக்கவிட்டு அடுத்த ஊறலில் சேர்ப்பார்கள். சில ஆலைகளில் இதற்கென்றே குழியும் உண்டு; அதில் பாக்டீரியாக்கள் தம் போக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். பாக்கெட் ஈஸ்ட்டும் கிடையாது. காற்றிலும் மரத்தொட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டே போதும். அப்படியே பல நாட்கள் ஊறும்.

சரி, இவ்வளவு நாற்றம் யாருக்கு வேண்டும்? ஜெர்மானியர்களுக்கு.

பால்டிக் கடலோரத்து ஃப்ளென்ஸ்பர்க் 1864 வரை டென்மார்க் அரசின் கீழ் இருந்தது. டென்மார்க்கிடம் அப்போது கரீபியத் தீவுகள் சில இருந்ததால் அங்கிருந்து ரம் இந்த ஊருக்கு வந்து குவிந்தது. ஊர் பிரஷ்யாவின் கைக்குப் போனதும் அந்த வரத்து அடைபட, வணிகர்கள் ஜமைக்கா பக்கம் திரும்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனி இறக்குமதி ரம் மீது வரியை ஏற்றியது. லிட்டருக்கு இவ்வளவு வரி என்றால் வணிகன் என்ன செய்வான்? ஒரே லிட்டரில் எவ்வளவு மணத்தை அடைக்க முடியுமோ அவ்வளவையும் அடைத்துத் தரச் சொல்வான். வாங்கிய ரம்மை உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் மணமற்ற ஆல்கஹாலோடு கலந்து பெருக்கிவிடுவான். ஜெர்மனியில் இன்றும் விற்கும் இந்தக் கலப்புச் சரக்கின் பெயர் ரும்-ஃபெர்ஷ்னிட். அதிலிருக்கும் ஆல்கஹாலில் 5 சதவீதம் அசல் ரம்மிலிருந்து வந்திருந்தால் சட்டப்படி போதும். மீதி 95 சதவீதத்தையும் மணக்கவைக்க அந்த 5 சதவீதம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஜமைக்காவின் அதிஎஸ்டர் ரம் நேராகக் குடிப்பதற்காகப் பிறந்ததே இல்லை. ஜெர்மன் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்காகப் பிறந்த ஒரு செறிவு அது. ஹாம்ப்டனில் எஸ்டர் அளவை வைத்து ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியெழுத்து தருவார்கள். உச்சியில் இருப்பது டிஓகே: 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1500 முதல் 1600 கிராம் எஸ்டர். ஜமைக்காவில் அனுமதிக்கப்பட்ட எல்லையும் 1600தான். இன்று அதைத் தனியாகப் புட்டியில் அடைத்து, கொள்ளை விலைக்கு வாங்கி, கோப்பையில் ஊற்றி ரசிக்கிறோம். அன்றைய ஃப்ளென்ஸ்பர்க் வணிகர் பார்த்தால் சிரிப்பார்.

ஆஸ்திரியாவுக்குக் கரீபியத் தீவு எதுவும் கிடையாது. ஆகவே அவர்கள் ரம் வாசனையை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டார்கள். 1832 முதல் இருக்கும் ஸ்ட்ரோ எனும் பிராண்ட் அந்த வழியில் வந்தது. அதன் 80 சதவீதப் புட்டி கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்குள் போகிறது. ஜெர்மனியிலோ ஆண்டு முடிவு நாட்களில் சூடான மசாலா வைனுக்கு மேல் சர்க்கரைக் கூம்பை வைத்து, ரம் ஊற்றி, தீ வைத்து உருக்கிச் சொட்டவிட்டுக் குடிப்பார்கள். கரீபியன் பக்கமே போகாத மக்களின் பண்டிகை வாசனை ரம்மாக இருப்பதற்கு இதுதான் பின்னணி.

எல்லா ஜமைக்கா ரம்மும் இப்படி இருக்காது. நாசோ பள்ளத்தாக்கின் ஆப்பிள்டன் இதைவிட எவ்வளவோ சாது. பானைக் கலனிலும் தூண் கலனிலும் வடித்ததைச் சேர்த்துக் கலப்பார்கள். அங்கே 1997இல் தலைமைக் கலவையாளரான ஜாய் ஸ்பென்ஸ்தான் இத்துறையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். ஜமைக்காக்காரர்கள் வீட்டில் வைத்துக் குடிப்பது பெரும்பாலும் ரே அண்ட் நெஃப்யூவின் வெள்ளை ஓவர்ப்ரூஃப், 63 சதவீதம். கிறிஸ்துமஸுக்கு அங்கே சாரல் என்றொரு சிவப்புப் பானம் செய்வார்கள். நம் புளிச்சக்கீரையின் இனத்துச் செடிதான். பூவுக்கு அடியில் இருக்கும் சிவந்த, சதைப்பிடிப்பான இதழ்களை இஞ்சியோடு கொதிக்கவைத்து ஆறியதும் ரம் சேர்ப்பார்கள். அந்தப் புளிப்பும் இஞ்சியும் நம் நாக்குக்கு உடனே பிடிபடும்.

கயானா ரம்மை முகர்ந்தால் முதலில் வருவது பென்சில் சீவிய மணம். அப்புறம் அதிமதுரம், சோம்பு, கருப்பட்டி. இதன் இரகசியம் கலன். உலகில் வேறெங்கும் இல்லாத மரக் கலன்கள் டெமராரா ஆற்றங்கரையின் டைமண்ட் ஆலையில் இன்றும் ஓடுகின்றன. என்மோர் தோட்டத்திலிருந்து வந்த மரத்தூண் கலன் 1880ஐச் சேர்ந்தது. போர்ட் மோரண்ட் தோட்டத்தின் இரட்டை மரப்பானைக் கலனின் கணக்கு 1732இல் தொடங்குகிறது. மரம் உளுத்துப்போன இடத்தில் கிரீன்ஹார்ட் எனும் உள்ளூர் மரத்தில் புதுப் பலகை போட்டுச் சரிசெய்துகொண்டே வருவதால், அதில் முதல் நாள் பலகை எத்தனை மிச்சம் என்று கேட்கக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு சர்க்கரைத் தோட்டமும் தனித்தனியாக ரம் வடித்தது. சர்க்கரை விலை சரியச் சரியத் தோட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன, மூடின. கலன்கள் மட்டும் வண்டியேறி இடம் மாறின. இன்று எல்லாம் டைமண்டில். அந்த ஆலையின் எல் டொராடோ 15 ஆண்டு ரம் 1992இல் வந்தது.

கனமான இந்த ரம்மை வாங்கியவர் பிரிட்டிஷ் கடற்படை. 1655இல் ஜமைக்காவைப் பிடித்த நாளிலிருந்து மாலுமிகளுக்கு ரம் கொடுக்கும் பழக்கம் பரவியது. 1740இல் அட்மிரல் எட்வர்ட் வெர்னன், நீர் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1970 ஜூலை 31 அன்றுதான் தினப்படி ரம் நின்றது. கடற்படை பல தீவுகளின் ரம்மைப் பெரிய தொட்டிகளில் கலந்தது. அந்தக் கலவையின் முதுகெலும்பு கயானா. ஜமைக்காவின் பங்கு சிறிது. நீர் ஊற்றினாலும் சாயாத உடம்பு வேண்டும், அது கயானா ரம்மில் இருந்தது. 'நேவி ரம்' என்று இன்று கடையில் பார்க்கும் புட்டிகள் பலவற்றில் கறுத்த நிறமும் கயானா வாசமும் இருப்பது இதனால்தான்.

பிரிட்டிஷ் கயானாவின் கரும்பை முதலில் வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். அவர்கள் விடுதலை பெற்றதும் தோட்ட முதலாளிகள் இந்தியாவைப் பார்த்தார்கள். 1838 மே 5 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கினார்கள். 1917 வரை வந்தவர்கள் ஏறத்தாழ 2,39,000 பேர். பெரும்பான்மை கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்தும் ஒரு பகுதியினர் போனார்கள். மொழி போய்விட்டது, தெய்வங்கள் போகவில்லை. கயானாவில் காளி அம்மன் வழிபாட்டை இன்றும் 'மதராஸி' வழிபாடு என்பார்கள். மாரியம்மனும் மதுரை வீரனும் சங்கணியும் அங்கே இருக்கிறார்கள். காவல் தெய்வங்களுக்குப் படையலில் சேவல், சுருட்டு, ரம். நம் ஊர் எல்லையில் சாராயம் வைத்த கை, சாராயம் கிடைக்காத நாட்டில் கையெட்டும் தூரத்தில் இருந்ததை வைத்தது. எந்த ரம் நூலிலும் நான் பார்க்காத சுவைக்குறிப்பு இது. ஆனால் டெமராரா ரம்மைக் கையில் எடுக்கும்போது எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மார்த்தினிக்கின் கதைக்குள்ளும் நம்மவர்கள் உண்டு. 1853 மே மாதம் ஓரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை அங்கே இறக்கியது. பின்வந்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் போனார்கள். பெரும்பாலும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள். தீவின் வடகோடியில் பாஸ்-பொயிண்ட் பகுதியில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. அதற்கு அடுத்த மக்கூபாவில்தான் ஜேஎம் ரம் ஆலை. கரும்புத் தோட்டங்களின் ஓரத்தில் கோவில் இருப்பது தற்செயல் கிடையாது.

இத்தீவின் ரம் மொலாசஸில் செய்வதில்லை. வெட்டிய கரும்பை உடனே பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து வடிப்பது. வெள்ளை ரம்மை முகர்ந்தால் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். பச்சைப் புல், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மிளகு. ஏன் இவர்கள் மட்டும் சாறு? பிரான்ஸின் சட்டங்களைத்தான் கேட்க வேண்டும். 1713இல் பதினான்காம் லூயியின் அரசு திராட்சை பிராந்திக்காரர்களைக் காப்பாற்ற, திராட்சையில் செய்யாத சாராயத்தைப் பிரான்ஸில் விற்கக் கூடாது என்று தடுத்தது. பிரெஞ்சுத் தீவுகளில் மொலாசஸ் விலையின்றிக் கிடந்தது. அதை வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்காரர்கள் மலிவாக அள்ளிப்போய்த் தாங்கள் ரம் செய்தார்கள். பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள் கொதித்ததில் 1733இல் மொலாசஸ் சட்டம் என்று ஒரு வரி வந்தது. லூயியின் கையெழுத்து பாஸ்டன் வரை போய் வேலை செய்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் காற்று மாறியது. திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்ததில் பிரான்ஸுக்கு ரம் தேவைப்பட்டது. அதே வேளையில், நெப்போலியன் காலத்தில் ஊக்கம் பெற்ற பீட்ரூட் சர்க்கரை வளர்ந்து கரும்புச் சர்க்கரையின் விலையை அடித்து நொறுக்கியது. விற்காத சர்க்கரையை எதற்குக் காய்ச்ச வேண்டும், சாற்றையே ரம்மாக்கிவிடலாமே என்று சிறு தோட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். ஓமேர் கிளமோன் 1887இல் ஒரு தோட்டத்தை வாங்கி இந்த வழியில் இறங்கியவர். மொலாசஸ் ரம்மின் தலைநகராக இருந்த சென்-பியேர் நகரம் 1902 மே 8 காலையில் பெலே எரிமலையில் அழிந்தது. சுமார் 28,000 பேர் மாண்டார்கள். அதன் பிறகு தீவின் முகம் கரும்புச்சாறு ரம்தான் என்றாகிவிட்டது.

1996இல் பிரான்ஸ் மார்த்தினிக் ரம்முக்கு ஏஓசி கொடுத்தது, அதாவது ஷாம்பெயினுக்கும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கும் இருக்கும் அதே ஊர்ப்பெயர்க் காப்பு. கரும்பு எந்தெந்த ஊர்களில் விளைய வேண்டும், தூண் கலனிலிருந்து எத்தனை சதவீதத்தில் வடிய வேண்டும் (65 முதல் 75 வரை), பழைய ரம் என்று எழுத எத்தனை ஆண்டு பீப்பாயில் கிடக்க வேண்டும் (குறைந்தது 3) என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ரம் உலகில் இவ்வளவு கறார் வேறெங்கும் கிடையாது. நன்மையும் உண்டு, அலுப்பும் உண்டு. எந்தப் புட்டியை எடுத்தாலும் ஏமாற்றம் இருக்காது. ஆனால் ஆலைக்கு ஆலை வித்தியாசம் கண்டுபிடிக்க நாக்குக்கு நல்ல பழக்கம் வேண்டும். ஹெய்ட்டியின் சிறு ஆலைகளில் வரும் கிளேரின் இதற்கு நேர் எதிர். அதுவும் கரும்புச்சாறுதான், விதியென்று எதுவும் கிடையாது, ஊருக்கு ஒரு ருசி. காட்டுத்தனம் பிடிக்கும் என்றால் அங்கே போங்கள்.

மெல்லிய ரம்மின் தாயகம் கியூபா. ஸ்பெயினும் தன் ஊர் மதுவைக் காப்பாற்றக் காலனிகளில் ரம்மை நெடுநாள் அமுக்கி வைத்திருந்தது. ஆகவே கியூபா தாமதமாக ஆரம்பித்தது, ஆரம்பித்தபோது கையில் தூண் கலன் இருந்தது. ஃபாகுண்டோ பகார்டி 1862இல் சாந்தியாகோ நகரில் சின்ன ஆலை ஒன்றை வாங்கி, தேர்ந்தெடுத்த ஈஸ்ட், குறுகிய ஊறல், கரி வடிகட்டல் என்று ரம்மைச் சுத்தப்படுத்திக்கொண்டே போனார். பிராந்தி குடிக்கும் சீமான்கள் மேசைக்கு ரம் போக வேண்டுமானால் முரட்டுத்தனம் போயாக வேண்டும். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. தாகத்தோடு ஹவானாவுக்குப் படகேறிய அமெரிக்கர்களுக்கு எலுமிச்சையோடும் சர்க்கரையோடும் கலக்க மெல்லிய ரம்தான் தோதாக இருந்தது. காக்டெயில் ரம் என்றாலே இந்த வகை என்று உலகம் முடிவுகட்டியது அப்போதுதான்.

1960இல் புரட்சி அரசு ஆலைகளை நாட்டுடைமையாக்கியதும் பகார்டி குடும்பம் வெளியேறிப் போர்ட்டோ ரிக்கோவை மையமாக்கிக்கொண்டது. ஹவானா கிளப் என்ற பெயருக்கு இன்றும் இரண்டு சொந்தக்காரர்கள். உலகின் பெரும்பகுதியில் விற்பது கியூப அரசும் பிரெஞ்சு நிறுவனமான பெர்னோ ரிக்கார்டும் சேர்ந்து செய்வது. அமெரிக்காவில் அதே பெயரில் விற்பது பகார்டியின் சரக்கு. விமானநிலையத்தில் வாங்கும்போது எது என்று பார்த்து வாங்குங்கள். கியூபாவின் மெல்லிய ரம் கலவையாளர்களின் அறிவை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நியாயமான மரியாதைதான். என் நாக்குக்கு மட்டும் தனியாகக் குடிக்க அது வெறிச்சோடி இருக்கிறது. எலுமிச்சை பட்டால்தான் உயிர் வருகிறது.

பார்படோஸ் நடுநிலை. மவுண்ட் கே ஆலை தன் வயதை 1703 ஆவணத்திலிருந்து கணக்கிடுகிறது. ஃபோர்ஸ்கொயர் ஆலையின் ரிச்சர்ட் சீல், ரம்மில் சர்க்கரை சேர்ப்பதற்கு எதிராக வருடக்கணக்கில் குரல் கொடுத்து வருகிறவர். பானையும் தூணும் கலந்த இந்த ரம்மில் வெண்ணிலா, தேங்காய், உலர்பழம் எல்லாம் அளவாக இருக்கும். ஊர்ப்பெயர்க் காப்பு வாங்குவதில்தான் உள்ளுக்குள்ளேயே சண்டை. பீப்பாயை வெளிநாட்டில் வைத்து முதிரவிட்டால் அது பார்படோஸ் ரம்மா, இல்லையா என்பது முக்கியச் சிக்கல். மூன்று ஆலைகள் ஒரு பக்கம், பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கும் ஆலை மறுபக்கம் என்று இழுபறி நீண்டது.

இந்திய ரம்மை வாங்கியவர் யார் என்பதில் ஐயமே வேண்டாம், ராணுவம். மோகன் மீக்கின் நிறுவனத்தின் வேர் 1855இல் எட்வர்ட் டயர் கசௌலியில் தொடங்கிய மதுபான ஆலையில் இருக்கிறது. இவர் ஜாலியன்வாலா பாக் டயரின் தந்தை. ஓல்டு மங்க் வந்தது 1954 டிசம்பரில். அதற்கு முன்னால் அந்நிறுவனம் படைகளுக்கு ஹெர்குலிஸ் ரம் செய்துகொண்டிருந்தது. குளிர்ப் பிரதேசத்தில் சூடு தர வேண்டும், தண்ணீரோ கோலாவோ எதை ஊற்றினாலும் நிற்க வேண்டும். ஆகவே கறுப்பு, இனிப்பு, வெண்ணிலா, 42.8 சதவீதம். கேன்டீனில் ரம் வாங்கி வரும் மாமா ஒருவர் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் இருப்பார். ஊரில் 'மிலிட்டரி ரம்' என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. ஓல்டு மங்கை ஜமைக்கா, கயானா புட்டிகளுக்கு நடுவில் வைத்து ருசிபார்த்தால் அது மெலிந்து, வெண்ணிலாவாக மட்டும் தெரியும். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், தெரியும். கோலா ஊற்றிவிட்டால் அது மறுபடி ராஜாதான். அதற்காகச் செய்ததை அதற்காகத்தான் மதிப்பிட வேண்டும்.

கரும்பு நம்மிடம் இருக்கிறது, வெல்லம் இருக்கிறது. இருந்தும் ரம்மில் புதிதாக யோசிக்க வெகுகாலம் ஆனது. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் டூ இண்டீஸ் என்ற புட்டியில் இந்திய வெல்ல ரம்மையும் ஜமைக்கா, பார்படோஸ், கயானா ரம்களையும் கலந்தது. ஹரியானாவின் பிக்காடிலி ஆலை கரும்புச்சாற்றில் வடித்து 12 ஆண்டு முதிரவிட்ட கமிகரா என்ற ரம்மை வெளியிட்டது. இவை ராணுவத்துக்கோ கோலாவுக்கோ செய்ததல்ல. வாங்குகிறவர் மாறியதும் சரக்கும் மாறிவிட்டது.

மதிப்பெண் போடுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது சர்க்கரை விவகாரம். குவாத்தமாலாவின் ஸகாபா, வெனிசுவேலாவின் டிப்ளோமாட்டிகோ, பிலிப்பைன்ஸின் டான் பாப்பா போன்றவை முதல் மிடறிலேயே எல்லோருக்கும் பிடித்துப்போகும். வழவழப்பும் இனிப்பும் வெறும் பீப்பாயிலிருந்து வந்துவிடாது. வடித்து இறங்கும் ரம்மில் சர்க்கரை இருக்காது, ஆவியோடு சேர்ந்து சர்க்கரை ஏறாது. இனித்தால் பிறகு யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் அரசு மதுக்கடைகள் தாங்கள் விற்கும் ஒவ்வொன்றிலும் சர்க்கரையை அளந்து வெளியிட்ட பிறகுதான் இது ஊருக்குத் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே முதல் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ரம் என்ற பெயரே கூடாது என்றாக்கியது. வீட்டில் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து உலரவிடுங்கள். பிசுபிசுத்தால் சர்க்கரை. ஸகாபா புட்டியில் இருக்கும் 23 என்ற எண்ணும் வயது கிடையாது. 6 முதல் 23 ஆண்டு வரையிலான ரம்களின் கலவை. ஜமைக்காவிலும் பார்படோஸிலும் 12 என்று எழுதினால் அதிலிருக்கும் மிக இளைய சொட்டுக்கும் 12 வயது. அதுவும் வெயில் நாட்டில் 12. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியானால் கரீபியனில் 6 முதல் 8 சதவீதம் போகிறது.

விடுமுறையில் இப்படி ஒரு ருசிபார்ப்பு ஏற்பாடு செய்வதென்றால் வரிசைதான் பாதி வேலை. கியூபாவில் தொடங்கிப் பார்படோஸ், மார்த்தினிக், கயானா என்று போய்க் கடைசியில் ஜமைக்கா. ஜமைக்காவை முன்னால் வைத்தால் மற்றதெல்லாம் தண்ணீராகிவிடும். இனிப்பூட்டியதை நடுவில் விடக் கூடாது. அதன் பிறகு வருகிற நல்ல ரம்கூடக் கசக்கும். நம்மூர் லார்ஜ் கணக்கு 60 மில்லி, இதற்கு 15 போதும், துப்பினாலும் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கோப்பை நல்லது. நம் அறை வெப்பத்தில் ஆல்கஹால்தான் முதலில் முட்டும். ஆகவே புட்டியைச் சற்றுக் குளிரவைத்து, மூக்கைக் கோப்பைக்குள் விடாமல் வாய் திறந்தபடி முகரவேண்டும். 60 சதவீதத்துக்கு மேற்பட்டதில் சில சொட்டு நீர் விட்டால் மணம் பிரியும். மிக்சரும் காரச் சேவும் முடிந்த பிறகு வரட்டும். அதற்குப் பதில் கயானா, ட்ரினிடாட் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கருப்புக் கேக் கிடைத்தால் விடாதீர்கள். மாதக்கணக்கில் ரம்மில் ஊறிய உலர்பழமும் கருக்கிய சர்க்கரையும் சேர்ந்தது அது. மார்த்தினிக்கில் அதே நாட்களில் ஆரஞ்சுத் தோல் ஊறவைத்த ஷ்ரப் குடிப்பார்கள்; இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் பழமும் வெண்ணிலாவும் போட்டு ஊறவைத்த ரம் புட்டி, தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பல வீடுகளில் அலமாரியில் இருக்கும்.

குறிப்பு எழுதும்போது நூற்றுக்கு இத்தனை என்று போடாமல், எந்த மூலப்பொருள், எந்தக் கலன், எத்தனை சதவீதம், சர்க்கரை உண்டா என்ற நாலையும் முதலில் எழுதிக்கொள்வேன். பிடித்தது, பிடிக்காதது அப்புறம். கியூபாவுக்கு 70, ஜமைக்காவுக்கு 90 என்றால் அது ருசியைப் பற்றிய தகவல் கிடையாது, எழுதியவரின் விருப்பத்தைப் பற்றிய தகவல்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்க வரியின்றி 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம், அதாவது 700 மில்லி புட்டியாக இரண்டு. யாராவது கேட்டால் நான் சொல்வது: ஒன்று மார்த்தினிக்கின் வெள்ளை ரம், 50 சதவீதம், விலையும் குறைவு, எலுமிச்சையும் கரும்புப் பாகும் சேர்த்து டி பஞ்ச் போடலாம். இன்னொன்று ஜமைக்காவின் ஹாம்ப்டன், இல்லையென்றால் போர்ட் மோரண்ட் கலனில் வடித்த கயானா ரம், எது கிடைக்கிறதோ அது. பழைய ரம், தங்க மூடி, மரப்பெட்டி என்று விமானநிலையக் கடையில் பளபளப்பதை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.